வாசலில் கூட்டம், கணக்கில் நட்டம்: பிரிட்டனின் ஸ்பீட்வே கிளப்புகள் ஏன் மூடுகின்றன?

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கும் நண்பரின் கேள்வி இது: "எங்கள் ஊர் ஸ்பீட்வே கிளப்பில் வாரம் எழுநூறு, எண்ணூறு பேர் வருகிறார்கள். முன்பு இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருவார்களாம். இந்த சீசனோடு மூட வேண்டியிருக்கும் என்று கிளப்பை நடத்தும் ப்ரமோட்டர் சொல்கிறார். எண்ணூறு பேர் வந்தும் எப்படி நட்டம்? டிக்கெட் விலையைக் குறைத்தால் சரியாகுமா? ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுக்கலாமா?"

விலைக் குறைப்பு பெரும்பாலும் நட்டத்தைக் கூட்டும். பணம் திரட்டுவது எதற்கு என்பதைப் பொறுத்து நல்லதாகவும் முடியும், வீணாகவும் போகும். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு: மைதானம் யாருடையது? கடந்த 20 ஆண்டுகளில் மூடிய கிளப்புகளைப் பார்த்தால், ஆட்டம் தோற்றதால் மூடியவை குறைவு. வாடகை வீட்டில் இருந்து வெளியேற்றப்பட்டவை அதிகம்.

விளையாட்டே தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஸ்பீட்வே ஒரு மோட்டார் பைக் பந்தயம். பிரேக் இல்லாத, 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக். மெத்தனாலில் ஓடும். நான்கு பேர், நான்கு சுற்று, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக. இந்த ஒரு ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர். பின்சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான் வளைவில் திரும்ப வேண்டும். முதல் இடத்துக்கு 3, அடுத்து 2, அடுத்து 1, கடைசிக்கு 0. லீக் ஆட்டத்தில் அணிக்கு 7 ரைடர்கள், மொத்தம் 15 ஹீட். பிரிட்டனில் இது 1928 பிப்ரவரி 19 அன்று எசெக்ஸின் ஹை பீச்சில் வேரூன்றியது என்பார்கள். சில ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் பல மடங்கு கூட்டம் திரண்டது. 1981இல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிப் போட்டிக்கு 90 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் இன்றைய எண்ணூறு சோகமாகத் தெரியும். ஆனால் கணக்கை 1981இல் இருந்து தொடங்கக் கூடாது, அடுத்த திங்கட்கிழமை ஆட்டத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு இரவின் கணக்கு

கீழே வருவது எந்தக் கிளப்பின் உண்மைக் கணக்கும் அல்ல. அளவு புரிய வேண்டும் என்பதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் கிளப்பின் எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

800 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். 500 பேர் பெரியவர்கள், ஆளுக்கு 20 பவுண்டு. 150 பேர் மூத்தவர்கள், 17 பவுண்டு. 150 பிள்ளைகள், 5 பவுண்டு. வாசலில் விழுவது 13,300 பவுண்டு.

செலவு: ரைடர்களின் பாயிண்ட் பணம் 7,500. மைதான வாடகை 1,500. மருத்துவக் குழுவும் ஆம்புலன்சும் 1,500. நடுவர், தடத்து ஆட்கள், டிராக்டர் டீசல், தடத்தில் பரப்பும் ஷேல் பொடிக்கல் எல்லாம் சேர்த்து 1,200. காப்பீடு, லீக் கட்டணங்கள் 800. வெளிநாட்டு ரைடர்களின் பயணம், தங்கல் 800. கூட்டினால் 13,300.

வரவும் செலவும் சரியாக நிற்பது போல் தெரிகிறதா? இங்கேதான் பல புதிய ப்ரமோட்டர்கள் விழுகிறார்கள். டிக்கெட் விலைக்குள் 20 விழுக்காடு வாட் வரி இருக்கிறது. 20 பவுண்டு டிக்கெட்டில் கிளப்புக்கு 16.67தான் சேரும். 13,300ஐ 1.2ஆல் வகுத்தால் 11,083. மீதி 2,217 வரித்துறையின் பணம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சேர வேண்டும். அந்த மூன்று மாதமும் அது வங்கிக் கணக்கில் கிடப்பதால் கிளப்பின் பணம் போலவே தோன்றும். செலவுகளை வாட் நீக்கிய தொகையாகவே மேலே போட்டிருக்கிறேன், அதனால் இது முழு நட்டம். சொந்த மைதானத்தில் ஒரு சீசனுக்கு 14 ஆட்டம் என்றால் 31,000 பவுண்டு ஓட்டை.

பாயிண்ட் பணம் ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். ரைடர்கள் சம்பளக்காரர்கள் அல்ல, தனித்தொழில் செய்பவர்கள். பைக், எஞ்சின், டயர், வேன், மெக்கானிக் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுக்கும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒப்பந்தப்படி பணம். தன் அணிக்காரருக்கு அடுத்த இடத்தில், எதிரணியில் ஒருவரையாவது பின்னால் விட்டு வந்தால் போனஸ் பாயிண்ட், அதற்கும் பணம் உண்டு. ஒரு ஆட்டத்தில் மொத்தம் 90 பாயிண்ட். சொந்த ஊரில் நன்றாக ஓட்டி 50க்கு மேல் எடுத்தால் போனசோடு 55 பாயிண்டுக்குப் பணம் தர வேண்டும். பெரிய வெற்றி என்றால் பெரிய பில். பாயிண்டுக்குச் சராசரி 75 என்று வைத்தால் 4,125.

மீதி 3,375 எங்கிருந்து வந்தது? அது வெளியூர் ஆட்டத்துக்கானது. வாசல் வசூல் சொந்த ஊர் கிளப்புக்கே, ஆனால் அவரவர் ரைடருக்கு அவரவர்தான் பணம் தர வேண்டும். அதாவது ஒரு இரவின் வசூல் இரண்டு இரவின் கூலியைத் தாங்க வேண்டும். வெளியே இருந்து கணக்குப் போடும் ரசிகர்கள் அனேகமாகத் தவறவிடுவது இதைத்தான். "எண்ணூறு பேர் ஆளுக்கு இருபது பவுண்டு, பதினாறாயிரம், பணம் எங்கே போகிறது?" என்ற கோபத்துக்குப் பதில் வாட், சலுகை டிக்கெட், வெளியூர்க் கூலி, இந்த மூன்றும்தான்.

இந்தக் கணக்கில் ஒருவர் வாசலைத் தாண்டினால் கிளப்புக்குச் சராசரியாக 13.85 பவுண்டு மிஞ்சும். நட்டமில்லாமல் நிற்க 960 பேர் வேண்டும். செலவில் பெரும்பகுதி கூட்டத்தைப் பார்த்து ஏறி இறங்காது. எண்ணூறு பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் மருத்துவக் குழு இல்லாமல் ஒரு ஹீட்டும் ஓடாது. ஒரு ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போய்விட்டால் மற்றது நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் நிற்கும். ஆகவே வாரம் 100 பேர் குறைந்தால் சீசனுக்கு 19,000 பவுண்டுக்கு மேல் நேராக நட்டத்தில் சேரும். 100 பேர் கூடினால் அதே அளவு நேராக மிஞ்சும். மெல்லிய கோடு இது.

இப்போது விலைக் குறைப்பைப் பாருங்கள். பெரியவர் டிக்கெட்டை 20இல் இருந்து 15 ஆக்கினால் 500 பேரிடம் வாட் போக 2,083 பவுண்டு குறையும். அதை ஈடுகட்ட 12.50 பவுண்டு வீதம் 167 புதிய பெரியவர்கள் ஒவ்வொரு வாரமும் வர வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நட்டத்தை அடைக்க அதற்கு மேலும் ஆள் வேண்டும். ஒரு வாரச் சலுகைக்கு வரும் கூட்டம் அடுத்த வாரம் திரும்புவதில்லை. அதைவிட மோசம், 20 கொடுக்கத் தயாராக இருந்த பழைய ரசிகர் அடுத்த சலுகை வாரத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

கணக்கை மாற்றக்கூடிய வரி வேறு இடத்தில் இருக்கிறது. பார், சாப்பாட்டுக் கடை, கார் நிறுத்தம், இவற்றின் வருமானம் யாருக்கு? மைதான உரிமையாளருக்கே என்றால், உங்கள் கிளப் கூட்டத்தைக் கூட்டி வந்து வேறொருவர் கல்லாவை நிரப்புகிறது. 800 பேரில் ஆளுக்கு 3 பவுண்டு லாபம் கிளப்புக்குச் சேர்ந்தாலே 2,400, மேலே சொன்ன ஓட்டை அடைபடும். குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாடகையை நூறு இருநூறு குறைக்கப் பேரம் பேசுவதைவிட, பாரில் ஒரு பங்கு கேட்பதே அறிவு. உரிமையாளருக்கும் அது கூட்டம் கூடினால்தான் செலவு.

மழையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஆறு மணிக்கு மழை வந்து ஆட்டம் ரத்தானால் ரைடரின் விமானச் செலவு போனது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆட்கள் நிற்கிறார்கள். வாசல் வசூல் பூஜ்யம். மறு தேதியில் அதே செலவு மீண்டும். போலந்தின் உயர்நிலை லீகில் தடத்தை மூடும் பெரிய தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கிளப்புகளில் அது அரிது. முழுத் தடத்துக்கும் வாங்க முடியாவிட்டாலும் முடிவை எடுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவரலாம். காலை பத்து மணிக்குத் தடத்தைப் பார்த்து ரத்து செய்தால் பாதிச் செலவு மிஞ்சும். மாலை வரை இழுத்து ரத்து செய்தால் பணமும் போகும், 40 மைல் ஓட்டிவந்த குடும்பத்தின் நம்பிக்கையும் போகும்.

கூட்டம் ஏன் குறைகிறது

எல்லாரும் முதலில் சொல்வது தொலைக்காட்சியை. ஸ்கை ஸ்போர்ட்சில் நேரடி ஒளிபரப்பு இருந்த நாட்களில் அந்தப் பணம் கிளப்புகளுக்கு வந்தது, ரைடர்களின் ஒப்பந்தங்களும் அதைப் பார்த்து ஏறின. பணம் சுருங்கிய வேகத்தில் ஒப்பந்தங்கள் இறங்கவில்லை. அது ஒரு காரணம், ஆனால் வாசலில் ஆள் குறைந்ததற்கு அதைவிட நெருக்கமான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கிழமை. சிறந்த ரைடர்களுக்குப் பெரிய பணம் போலந்தில். அங்கே நகராட்சிகள் மைதானம் கட்டிக் கொடுத்து ஆதரிக்கின்றன, உயர்நிலை லீகில் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம் வருவது சாதாரணம். அந்த ஆட்டங்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஸ்வீடன் செவ்வாய், டென்மார்க் புதன். மிச்சம் திங்களும் வியாழனும்தான். ஆகவே பிரிட்டனின் உயர்நிலையான ப்ரீமியர்ஷிப் ஆட்டங்கள் அந்தக் கிழமைகளில் ஒதுங்கின. பெரிய ரைடர் வேண்டும் என்றால் பள்ளி நாள் இரவில் ஆட்டம் வைக்க வேண்டும். பள்ளி நாள் இரவில் வைத்தால் பிள்ளைகள் வர மாட்டார்கள். பிள்ளைகள் வராத இடத்தில் இருபது வருடம் கழித்து ரசிகர்கள் இருக்க மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்குச் சுலபமான தீர்வு கிடையாது. பூல் கிளப் 2020 சீசனுக்கு முன்பே இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிச் செலவைக் குறைத்துக்கொண்டது. கொரோனாவால் 2020 சீசனே நடக்கவில்லை, ஆனால் 2021லும் 2022லும் அந்த லீகை வென்றது. நிலை இறங்குவதை அவமானமாகப் பார்க்கும் ரசிகர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இறங்கியும் நிற்கும் கிளப், உயரத்தில் இருந்து மூடிய கிளப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது, அணி யாருடையது என்ற குழப்பம். ஒவ்வொரு ரைடருக்கும் எடுத்த பாயிண்டுகளை வைத்து ஒரு சராசரி உண்டு. ஏழு பேரின் சராசரிகளைக் கூட்டினால் லீக் விதித்த வரம்புக்குள் அடங்க வேண்டும். நன்றாக ஓட்டினால் சராசரி ஏறும், ஏறினால் அடுத்த ஆண்டு அதே அணியை வைத்திருக்க முடியாது. சமநிலைக்காக வந்த விதி, ஆனால் பிள்ளை யார் பெயரை முதுகில் போட்ட சட்டையைக் கேட்டு வாங்கியதோ அந்த ரைடர் அடுத்த வருடம் எதிரணியில் நிற்பார். ரைடருக்கு அடிபட்டால் வேறொரு கிளப்பின் ரைடரைக் கெஸ்டாகக் கொண்டு வரலாம். போன வாரம் எதிரியாக வந்தவர் இந்த வாரம் நம் சட்டையில். ஒரே ரைடர் இரண்டு நிலைகளிலும் இரண்டு கிளப்புகளுக்கு ஓட்டுவதும் உண்டு. பழைய ரசிகர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வார். புதிதாக வந்தவருக்குப் பிடிமானமே கிடைக்காது.

மூன்றாவது காரணம் தடம். இதில்தான் கிளப்பின் கையில் உண்மையான அதிகாரம் இருக்கிறது, இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

தடத்தின் மேல் இருப்பது ஷேல் எனப்படும் பொடிக்கல். பின்சக்கரம் சுழலும்போது அதை வெளிப்பக்கமாக வாரி வீசும். ஐந்தாறு ஹீட்டுக்குள் உள்வரிசை வழித்துக் கடினமாகிவிடும், உதிரி ஷேல் வேலியோரம் குவிந்துவிடும். அந்த உதிரி சரியான ஈரத்தில் இருந்தால் பின்னால் வரும் ரைடர் வெளிப்பக்கம் போய்ப் பிடிப்பு எடுத்து, வளைவு முடியும் இடத்தில் முந்துவார். பார்ப்பவர் எழுந்து நிற்பது அந்த ஒரு நொடிக்காக. உதிரியே இல்லாமல் தடம் காய்ந்து மழமழவென்று கிடந்தால், தொடக்கக் கோட்டின் டேப் தூக்கியதும் முன்னே போனவர் கடைசிவரை முன்னேதான். 15 ஹீட்டும் முதல் வளைவிலேயே முடிந்துவிடும். அதற்கு யார் 20 பவுண்டு கொடுப்பார்கள்?

தடம் கெடுவது பெரும்பாலும் தண்ணீர் விடும் முறையில். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வண்டித் தண்ணீரைக் கொட்டினால் மேல்தோல் வழுக்கும், அடியில் வறட்சி அப்படியே இருக்கும். இரண்டு ஹீட்டில் மேல்தோல் உரிந்து குழி விழும், அதுவும் ரைடர் பைக்கைச் சாய்க்கும் வளைவு வாயில். அடி விழும், ஆம்புலன்ஸ் போகும், ஆட்டம் பத்தரை மணிக்கு முடியும். சரியான வழி பொறுமையானது. முந்தைய நாளே மேல்பரப்பை லேசாகக் கீறிவிட்டு, சிறிது சிறிதாகப் பல தடவை தண்ணீர் விட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஊறும் வரை காத்து. ஆட்ட நாள் காலை இன்னும் கொஞ்சம். பிறகு டிராக்டர் சக்கரத்தாலோ உருளையாலோ அமுக்கிவிட்டு, மேலே மெல்லிய உதிரி அடுக்கு. நான்கு ஹீட்டுக்கு ஒருமுறை தடத்தைச் சீராக்கும்போது வேலியோரக் குவியலை இழுத்து நடுவில் பரப்ப வேண்டும், உள்வரிசையில் மட்டும் வண்டியை ஓட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. அந்த இடைவேளையில் வெயிலையும் காற்றையும் பார்த்து லேசாகத் தூவ வேண்டும். தூசி பறந்தால் மூன்றாம் வளைவில் நிற்கும் குடும்பம் அடுத்த வாரம் வராது, பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதுவார். இதற்கு வேண்டியது அதிகப் பணம் அல்ல, தடம் தெரிந்த ஒரு ஆளின் இரண்டு நாள் கூலி. வெளிநாட்டு ரைடர் ஒருவரின் பாயிண்ட் விலையை ஏற்றுவதற்கு முன் அந்த ஆளுக்குச் செலவிடுவேன்.

தடம் ஒரு கிளப்பின் விதியையே ஆட்டும் என்பதற்கு மான்செஸ்டரின் பெல் வ்யூ சாட்சி. 2016இல் கார்ட்டனில் 8 மில்லியன் பவுண்டில் தேசிய ஸ்பீட்வே மைதானம் கட்டித் திறந்தார்கள். திறப்பு விழா இரவில் தடம் ஓட்டத் தகுதியில்லை என்று ஆட்டம் கைவிடப்பட்டது. நிரம்பி வந்த கூட்டம் திரும்பிப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அப்போதைய நிர்வாகத்தின் கையை விட்டுக் கிளப் போய்விட்டது. புதிய நிர்வாகம் வந்தது, தடம் சீரானது. 2022இல் பெல் வ்யூ லீகை வென்றது. பல ஆண்டுகள் கார்டிஃபில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ 2025இல் இந்த மைதானத்துக்கே வந்தது. கடுமையாக விழுந்த கிளப் எழுந்ததற்கு ஒரு பெரிய காரணம், மைதானம் நகராட்சியுடையது, வீட்டுமனைக்காரரின் கையில் இல்லை.

நேரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஹீட் ஒரு நிமிடம்தான். 15 ஹீட் என்றால் கால் மணி நேர ஓட்டம், அதை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டுகிறார்கள். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ரைடர்கள் தொடக்கக் கோட்டுக்கு வர இரண்டு நிமிடக் கெடு விதியிலேயே உண்டு, அதை முதல் ஹீட்டில் இருந்தே கறாராக நடைமுறைப்படுத்தினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிந்தால் பள்ளிப் பிள்ளை வரும். புதிதாக வருபவருக்கு அறிவிப்பாளர் சொல்ல வேண்டியதும் சின்ன விஷயம்தான்: நம் ஆட்கள் சிவப்பு, நீல ஹெல்மெட், வந்தவர்கள் வெள்ளை, மஞ்சள். இதை ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும். பழையவர்கள் முகம் சுளித்தாலும்.

மைதானம்

இனி உங்கள் ஊருக்கு மிக முக்கியமான பகுதி. வுல்வர்ஹாம்ப்டன் 2016இல் சாம்பியன். 2023 முடிவில் மான்மோர் கிரீனில் குத்தகை போனது, மைதானத்தை வைத்திருந்த பந்தயச் சூதாட்டக் கம்பெனிக்கு நாய் ஓட்டத்துக்கு நேரம் தேவைப்பட்டது. ஸ்விண்டன் 2019இல் சாம்பியன். அதன் பிறகு ப்ளன்ஸ்டனில் ஒரு லீக் ஆட்டமும் நடக்கவில்லை. பீட்டர்பரோ 2021இல் வயதான ரைடர்களின் அணியை வைத்துக்கொண்டு, யாரும் எதிர்பாராமல் சாம்பியன் ஆனது. 2023 முடிவில் கண்காட்சித் திடலை விட்டு வெளியேறியது. மூன்று சாம்பியன்கள். ஆட்டத்தில் வென்று மைதானத்தில் தோற்றவர்கள்.

பணம் தீர்ந்து சீசன் நடுவில் நின்றவையும் உண்டு: 2018இல் ரை ஹவுஸ், 2021இல் ஈஸ்ட்போர்ன், 2022இல் நியூகாசில். ஆனால் பணம் தீர்ந்த கிளப்புக்கு மைதானம் மிஞ்சியிருந்தால் இன்னொரு ப்ரமோட்டர் வர வழியுண்டு. மைதானம் போனால் யார் வந்தும் பயனில்லை.

கவுன்சில் நினைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இரண்டு ஊர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 2007இல் ஸ்பீட்வே நின்றது, 2012இல் மைதானமே மூடியது. அங்கே வீடு கட்ட வந்த திட்டம் நிறைவேறவில்லை, 2014இல் நகர கவுன்சில் மைதானத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. 2022இல் பைக்குகள் மீண்டும் ஓடின. 15 வருடம் கழித்து! கவென்ட்ரியின் பிராண்டன் மைதானத்தில் 2016க்குப் பின் ஆட்டம் இல்லை, கட்டடம் தீயிலும் நாசவேலையிலும் சிதைந்தது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. வீட்டுத் திட்டத்தை 2022இல் ரக்பி பரோ கவுன்சில் நிராகரித்தது, மேல்முறையீடும் நிற்கவில்லை. விளையாட்டு நிலத்தில் கட்ட வேண்டும் என்றால் அது தேவையற்றது என்று நிறுவ வேண்டும், அல்லது அதற்கு ஈடான இடம் தர வேண்டும் என்று தேசியத் திட்டக் கொள்கை சொல்கிறது. கவென்ட்ரி ரசிகர்கள் பற்றிக்கொண்ட கயிறு அதுதான்.

சத்தத்தால் வரும் ஆபத்தையும் சிறிதாக எண்ண வேண்டாம். சஃபக்கின் மில்டன்ஹாலில் 1970களில் இருந்து ஓடிய மைதானத்தின் அருகே 2006இல் இருவர் வீடு வாங்கிக் குடியேறி, பிறகு வழக்குப் போட்டார்கள். 2014இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வீட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. திட்ட அனுமதி கையில் இருப்பதாலேயே தொல்லை வழக்கில் இருந்து தப்பிவிட முடியாது என்பது அதில் தெளிவானது. 2018இல் கொள்கை ஓரளவு மாறியது: ஏற்கெனவே இருக்கும் மைதானத்தின் பக்கத்தில் புதிய வீடு கட்டுபவரே சத்தத் தடுப்பைச் செய்து தர வேண்டும். ஆகவே மைதானத்தைச் சுற்றி எந்த வீட்டுத் திட்டம் வந்தாலும், அது அரை மைல் தள்ளியிருந்தாலும், கலந்தாய்வுக் காலத்துக்குள் கிளப் எழுத்தில் ஆட்சேபம் பதிய வேண்டும். அனுமதி கொடுத்த பிறகு அழுது பயனில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது

முதலில் நிலப் பதிவேட்டில் சில பவுண்டு கட்டி மைதானத்தின் உரிமையாளர் யார் என்று எடுங்கள். ப்ரமோட்டரிடம் குத்தகை எப்போது முடிகிறது, உரிமையாளர் நடுவில் ரத்து செய்யும் விதி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு மாத அறிவிப்பில் வெளியேற்றலாம் என்று இருந்தால் உங்கள் கிளப்புக்கு வயது ஆறு மாதம்தான், வாசலில் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும்.

அடுத்து, 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியக் கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் கொண்ட, பதிவு செய்யாத குழுவே விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பதிவு 5 ஆண்டு நிற்கும், முடியும்போது மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள். உரிமையாளர் விற்க முனைந்தால் அறிவிக்க வேண்டும். வாங்க விருப்பம் என்று ஆறு வாரத்துக்குள் நீங்கள் எழுதினால் விற்பனை ஆறு மாதம் நிற்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிலம் விற்காமல் குத்தகையை மட்டும் முடித்தால் இந்தச் சட்டம் உதவாது. ஆனாலும் பதிவு இருப்பது திட்ட விசாரணையில் உங்கள் பக்கம் பேசும்.

பணம் திரட்டுவது பற்றி. வாரச் செலவின் ஓட்டையை அடைக்கத் திரட்டாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் 10,000 பவுண்டு ஐந்து ஆட்டங்களுக்குக்கூடத் தாங்காது. நல்ல மனதோடு கொடுத்தவர்கள் கசந்துபோய் இரண்டாம் முறை கொடுக்க மாட்டார்கள். திரட்டினால் பொருளாகத் திரட்டுங்கள்: விழும் ரைடரைத் தாங்கும் காற்று வேலியின் ஒரு பகுதி, தண்ணீர் வண்டி, வளைவுகளுக்குத் தார்ப்பாய். வாங்கியது ரசிகர் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், கிளப்புக்கு எழுத்தில் இரவலாகக் கொடுங்கள். ப்ரமோட்டரின் கம்பெனி திவாலானால் கடன்காரர்கள் அதைத் தூக்கிப் போக முடியாது, அடுத்து வருபவருக்கு அது முதலாக நிற்கும்.

ப்ரமோட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்றால், "அடுத்த 13 வாரத்துக்கு வரவு செலவு எழுதியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அதில் வாட் கட்டும் தேதி தனி வரியாக இருக்க வேண்டும், இரண்டு மழை ரத்தாவது சேர்த்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் விற்ற சீசன் டிக்கெட் பணம் மார்ச்சுக்கு முன்பே செலவாகியிருந்தால், கோடை முழுவதும் அந்த இருக்கைகளில் உட்காருபவர்களிடம் இருந்து வாசலில் ஒரு காசும் வராது. ஜூலையில் மூச்சு முட்டும் கிளப்புகளில் பலவற்றின் பிரச்சினை நவம்பரில் தொடங்கியது.

வாசலில் டிக்கெட்டை வகை பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: முழு விலை, மூத்தவர், பிள்ளை, இலவசம். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இலவச டிக்கெட் கொடுத்த வாரம் நல்ல வாரமாகத் தெரியும். இலவசம் கொடுப்பதே தவறல்ல. பள்ளி வழியாகப் பிள்ளைக்கு இலவசம் கொடுத்து, கூட வரும் பெரியவர் முழு விலை கட்டட்டும், மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதே பார்க்க வேண்டிய எண். பத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்றால் குறை விளம்பரத்தில் இல்லை, அவர்கள் அன்று பார்த்த ஆட்டத்தில் இருக்கிறது. தடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்த ஆண்டுக்குச் சீசன் டிக்கெட் விற்றால் வாங்கி ஆதரியுங்கள், ஆனால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். 100 பவுண்டுக்கு மேலான பொருளுக்கு 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கிளப் நடுவில் நின்றால் பணத்தைக் கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கலாம். ரொக்கமாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுத்திருந்தால் கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.